ஆக்ஸிலை முதலில் வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு வாகனப் பக்கத்தில் 1969 செவர்லே ஷெவெல் எஸ்எஸ் 396 பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தோம். பெரிய என்ஜின் பூட்டிய அமெரிக்க மசில் கார்களைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதுவோர் குறைவு, அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் முடிவில் சொல்லியிருந்த யோசனையை மறுத்தே ஆக வேண்டும். "பின்னால் 4.10 ஆக்ஸில், முன்னால் 3.27 முதல் கியர் கொண்ட ஐந்து கியர் ஓவர்டிரைவ் பெட்டி, பிக்கப்பும் கிடைக்கும், நெடுஞ்சாலை அமைதியும் கிடைக்கும்" என்று எழுதியிருந்தீர்கள். இதை நம்பிப் பணம் போட்டவருக்கு முதல் கியரே பயன்படாத கார்தான் கையில் நிற்கும். ஏன் என்று கணக்கோடு சொல்கிறோம்.

கியர் விகிதத்தில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 4.10 ஆக்ஸில் என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) 4.10 சுற்று சுற்ற வேண்டும். பெட்டியின் கியர் எண்ணும் அப்படியே: 3.27 முதல் கியர் என்றால் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற என்ஜின் 3.27 சுற்று சுற்றும். எண் கூடக் கூட இழுவை கூடும், என்ஜினும் கூடுதலாகச் சுற்றும். எண் குறைந்தால் என்ஜின் அமைதியாக ஓடும், கிளம்பும்போது திணறும். ஓவர்டிரைவ் என்பது 1.00க்குக் குறைந்த கியர். 0.68 என்றால் என்ஜின் 0.68 சுற்று சுற்றும்போதே புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும்.

என்ஜின் வேகம் காணும் கணக்கு எளிது. மணிக்கு எத்தனை மைல் என்பதை ஆக்ஸில் விகிதத்தாலும் கியர் விகிதத்தாலும் 336ஆலும் பெருக்கி, டயரின் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் நிமிடச் சுற்று வந்துவிடும். 336 எங்கிருந்து வந்தது? ஒரு மைலுக்கு 63,360 அங்குலம். அதை 60 நிமிடத்தாலும் 3.1416ஆலும் வகுத்தால் அந்த எண்தான்.

ஷெவெலின் அந்தக்கால எஃப்70-14 டயருக்குக் கிட்டத்தட்ட ஈடான இன்றைய அளவு 235/60ஆர்15. விட்டம் சுமார் 26 அங்குலம். மணிக்கு 70 மைல், அதாவது ஏறக்குறைய 113 கிலோமீட்டர் வேகத்தில், 4.10 ஆக்ஸிலும் நேரடி நான்காம் கியரும் (1.00) இருந்தால் என்ஜின் நிமிடத்துக்கு 3,700 சுற்று சுற்றுகிறது. இரண்டு மணி நேரம் அப்படி ஓட்டினால் பேச்சுக் குரல் கேட்காது, பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்கும். ஓவர்டிரைவ் தேடி வருகிறவர்கள் எல்லோரும் இந்த 3,700இலிருந்து தப்பத்தான் வருகிறார்கள். அதில் தவறே இல்லை. தவறு அடுத்த அடியில் நடக்கிறது.

ஒரு காரின் கிளம்பும் பலத்தை அளக்க முதல் கியர் விகிதத்தை ஆக்ஸில் விகிதத்தால் பெருக்க வேண்டும். 1969ல் ஷெவெலில் வந்த நான்கு கியர் மன்சி எம்-21 பெட்டியின் முதல் கியர் 2.20. 4.10 ஆக்ஸிலோடு பெருக்கினால் 9.02. எம்-20 பெட்டிக்கு முதல் கியர் 2.52, 3.55 ஆக்ஸிலோடு 8.95. அதே ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்கின் டிராக் பேக் என்ற பந்தயத் தொகுப்பில் நெருக்க விகித டாப்லோடர் என்ற நான்கு கியர் பெட்டியும் 3.91 ஆக்ஸிலும் சேர்ந்தால் 9.07. பிளிமத் ரோட் ரன்னரில் நான்கு கியரும் 3.54 டானா ஆக்ஸிலும் சேர்ந்தால் 9.4. மூன்று கம்பெனிகளும் தனித்தனியே கணக்குப் போட்டு ஒன்பதை ஒட்டியே வந்து நின்றிருக்கின்றன. ஐந்தாம் கியர் இல்லாத காலத்தில், கிளம்புவதற்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் கிடைத்த சமரசம் அது. பெரிய வி8 என்ஜினுக்கு சாலையில் 9 முதல் 11 வரை வசதி. அதற்கு மேல் போனால் பின் டயர் சுழலுமே தவிர கார் நகராது.

இப்போது கட்டுரையின் யோசனையைப் பெருக்கிப் பாருங்கள். 3.27 பெருக்கல் 4.10 என்றால் 13.4. என்ஜின் 5,500 சுற்றைத் தொடும்போது கார் மணிக்கு 32 மைல் வேகத்தில்தான் இருக்கும். சிக்னலைத் தாண்டும் முன்பே இரண்டாம் கியருக்குப் போக வேண்டும். இப்படிக் கார் வைத்திருப்பவர்கள் பலர் இரண்டாம் கியரில் கிளம்பப் பழகிவிடுகிறார்கள். ஐந்து கியர் வாங்கி நான்கைப் பயன்படுத்தும் அந்தப் பழக்கத்தில் கிளட்ச்தான் தேய்கிறது.

டிரெமெக் கம்பெனியின் டிகேஎக்ஸ் பெட்டி இரண்டு வகை முதல் கியரோடு கிடைக்கிறது. 3.27 முதல் கியர் உள்ள வகையில் ஐந்தாம் கியர் 0.72. 2.87 முதல் கியர் உள்ள வகையில் ஐந்தாவது 0.68 அல்லது 0.81 என்று தேர்வு செய்யலாம். 396 கன அங்குல வி8 போன்ற பெரிய என்ஜினுக்கு 2.87 வகையே பொருத்தம். அதோடு 3.55 ஆக்ஸில் போட்டால் கிளம்பும் கணக்கு 10.2. பழைய எம்-21, 4.10 ஜோடியைவிடக் கூடுதல் இழுவை. 70 மைல் வேகத்தில் 0.68 ஐந்தாம் கியரில் என்ஜின் 2,180 சுற்று. 3.73 போட்டால் 10.7, 2,290 சுற்று. 3.27 பெட்டிதான் கையில் இருக்கிறது என்றால் அதன் துணை 3.08 ஆக்ஸில்: கிளம்ப 10.1, நெடுஞ்சாலையில் 2,000 சுற்று. 0.81 ஐந்தாம் கியர் பந்தயத் தடத்துக்கு நல்லது. சாலைக்கு 4.10 ஆக்ஸிலோடு அதைப் போட்டால் 70 மைலில் 3,000 சுற்று நிற்கும். அதற்குச் செலவு செய்ததே வீண்.

எத்தனை சுற்றில் நெடுஞ்சாலை ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கேம் ஷாஃப்ட், அதாவது என்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. கட்டுரை இதைத் தொடவேயில்லை. எஸ்எஸ் 396 அன்று 325, 350, 375 குதிரைத்திறனில் வந்தது. 325க்கு மென்மையான கேம். 1,900, 2,000 சுற்றில் அது சுகமாக இழுக்கும். 375 குதிரைத்திறன் கொண்ட எல்-78க்கு சாலிட் லிஃப்டர், முரட்டுக் கேம். அதை 1,700 சுற்றில் இழுக்கச் சொன்னால் கார் குலுங்கும், வேகம் ஏறி இறங்கும். ஏறக்குறைய 2,300க்குக் கீழே அதை நெடுஞ்சாலையில் ஓட்டத் திட்டமிடவே கூடாது. ஆகவே எல்-78 வைத்திருப்பவருக்கு 3.73, 325 வைத்திருப்பவருக்கு 3.31 அல்லது 3.55. ஒரே மாடல், ஒரே ஆண்டு, இரண்டு வேறு விடைகள்.

சுற்று குறைந்தால் பெட்ரோல் மிச்சம் என்பதும் ஓரளவுக்கே உண்மை. 3,700இலிருந்து 2,180க்கு இறங்கினால் சுற்று 41 சதவீதம் குறைகிறது. பெட்ரோல் அந்த அளவு குறையாது. காற்றைக் கிழித்துப் போகத் தேவையான சக்தி மாறுவதில்லையே. அளவுக்கு மீறிச் சுற்றைக் குறைத்தால் நட்டமும் வரும். அதே வேகத்தைக் காக்க ஆக்ஸிலரேட்டரை ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கும், மேனிஃபோல்டு வாக்குவம் (என்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயில் உண்டாகும் வெற்றிடம்) சரியும். ஹோலி கார்புரேட்டரில் 65 என்று எண் பொறித்த பவர் வால்வு வாக்குவம் 6.5 அங்குலத்துக்கு (பாதரச அளவில்) இறங்கும்போது திறந்து கூடுதல் பெட்ரோலைக் கொட்டும். சிறு மேடு வந்தாலே அது திறக்கிற நிலையில் கார் ஓடினால், ஓவர்டிரைவ் போட்டபின் மைலேஜ் குறைந்துவிட்டது என்ற புகார் வரும். ஒரு வாக்குவம் கேஜை டாஷ்போர்டில் தற்காலிகமாக மாட்டி, சமதளத்தில் 70 மைலில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். பத்துக்குக் கீழே நின்றால் ஆக்ஸில் எண் போதவில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று. பழைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் அட்வான்ஸை (லேசான பாரத்தில் பொறியை முன்கூட்டி விழச் செய்யும் அமைப்பை) கழற்றிக் குழாயை அடைத்து வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஓவர்டிரைவில் இது நேரடி நட்டம். லேசான பாரத்தில் கலவை மெதுவாக எரியும், அதற்குப் பொறி முன்கூட்டியே விழ வேண்டும். வாக்குவம் அட்வான்ஸ் தரும் பத்துப் பதினைந்து டிகிரி இல்லாவிட்டால் 2,200 சுற்றில் என்ஜின் மந்தமாக ஓடும், சூடும் ஏறும். குழாயைத் திரும்ப மாட்டிவிட்டு, பிறகு ஆக்ஸிலைக் குறை சொல்லலாம்.

டயரை மாற்றினால் ஆக்ஸிலையே மாற்றியதாகப் பொருள். பின்னால் அழகுக்காக 275/60ஆர்15 போடுகிறார்கள். அதன் விட்டம் 28 அங்குலம். 26 அங்குல டயரில் 3.73 தரும் இழுவையை 28 அங்குல டயர் 3.46 ஆக்கிவிடும். எனவே எந்த டயரில் நிரந்தரமாக ஓடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பட்டியலில் அச்சிட்ட விட்டத்தை நம்பாமல், காற்றைச் சரியாக அடித்து, டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, காரை ஒரு முழுச் சுற்று உருட்டித் தரையில் அளந்து 3.1416ஆல் வகுங்கள். பாரத்தில் டயர் அமுங்குவதால் கணக்கைவிடச் சற்றுக் குறைவாக வரும்.

பலர் கவனிக்கத் தவறும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஓவர்டிரைவ் என்ஜின் சுற்றைத்தான் குறைக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் சுற்றை அது குறைக்காது. 4.10 ஆக்ஸிலும் 26 அங்குல டயரும் இருந்தால், பெட்டியில் எந்தக் கியர் போட்டிருந்தாலும், 70 மைலில் ஷாஃப்ட் 3,700 சுற்றுதான். ஆக்ஸிலுக்குள் ஷாஃப்டோடு சுற்றும் சிறு பற்சக்கரமான பினியனின் பேரிங்கும் அதே வேகம். என்ஜின் சத்தம் அடங்கியபின், அதுவரை அதனுள் மறைந்திருந்த ஷாஃப்ட் அதிர்வும், பினியனும் அது சுழற்றும் பெரிய கிரவுன் வீலும் எழுப்பும் ஊளையும் தெளிவாகக் கேட்கும். "புதுக் கியர் பெட்டி போட்டதும் அதிர்வு வந்துவிட்டது" என்று பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. பழுது பெரும்பாலும் ஷாஃப்டின் பேலன்ஸிலோ யூ ஜாயின்ட் கோணத்திலோ இருக்கும். பெட்டியின் வால் கீழ்நோக்கி எத்தனை டிகிரியோ, பினியன் மேல்நோக்கி அத்தனை டிகிரி இருந்து இரண்டும் இணையாக அமைய வேண்டும். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் ஒன்று முதல் மூன்று டிகிரி வரை மடக்கம் நல்லது. புதிய பெட்டியின் நீளம் மாறினால் ஷாஃப்டை வெட்டி மறுபடி பேலன்ஸ் செய்யாமல் மாட்டவே கூடாது. ஸ்லிப் யோக் (பெட்டியின் வாலுக்குள் நுழையும் ஷாஃப்டின் முனை) முழுக்க உள்ளே போய் முட்டாமல் முக்கால் முதல் ஒரு அங்குலம் இடம் விட வேண்டும். முட்டினால் முதல் பள்ளத்திலேயே பெட்டியின் பின் பேரிங் அடிவாங்கும்.

ஆக்ஸிலை அறுதியாக அறிய ஒரே வழி கிரவுன் வீலின் பல்லையும் பினியனின் பல்லையும் எண்ணுவது. 41க்கு 10 என்றால் 4.10, 41க்கு 11 என்றால் 3.73, 39க்கு 11 என்றால் 3.55, 43க்கு 13 என்றால் 3.31. ஐம்பது ஆண்டுகளில் எத்தனை கை மாறியிருக்கும்! ஹவுசிங்கின் மேல் உள்ள குறியீடு உள்ளே இருக்கும் பல்லுக்குச் சாட்சியாகாது.

செவர்லேயின் 12 போல்ட் ஆக்ஸிலில் விலை கூட்டும் ஒரு முடிச்சு இருக்கிறது. 3.08 முதல் 3.73 வரை ஒரு கேரியர் (கிரவுன் வீலைத் தாங்கும் கூடு), அதற்கு மேல் 4.10 போன்றவற்றுக்கு வேறு கேரியர். 3.31 உள்ள காரில் 3.55 அல்லது 3.73 போட அதே கேரியர் போதும். 4.10க்குப் போனால் கேரியரும் மாற வேண்டும், அல்லது அதற்கென்றே தடிமனாகச் செய்த கிரவுன் வீல் வாங்க வேண்டும். எங்கள் யோசனை செலவிலும் இலகு என்பதற்கு இது இன்னொரு காரணம். ஃபோர்டு 9 அங்குல ஆக்ஸிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. நடுப்பகுதியை முழுதாக முன்பக்கமாகக் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். கிறைஸ்லரின் எட்டேமுக்கால் அங்குல ஆக்ஸிலும் அப்படியே.

புதிய கிரவுன் பினியன் அமைப்பதில் பொறுமைதான் வேலை. பினியன் ஆழத்தை ஷிம்மால் சரிசெய்து, பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பேக்லாஷ் (பற்களுக்கு இடையே விடும் தளர்வு) 0.006 முதல் 0.010 அங்குலம். கிரஷ் ஸ்லீவை (பினியன் பேரிங்குகளுக்கு இடையே நசுங்கி இறுக்கம் தரும் குழலை) அளவுக்கு மேல் இறுக்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்கக் கூடாது. புதிய ஸ்லீவ் போட வேண்டும். தளர்த்தினால் பேரிங்கில் முன்இறுக்கம் போய், சில நூறு மைலில் ஊளை ஆரம்பிக்கும். முதல் ஓட்டம் 15, 20 நிமிடம் மிதமான வேகத்தில். பிறகு ஹவுசிங் முழுதாக ஆறும்வரை நிறுத்த வேண்டும். 500 மைல் வரை முரட்டு ஓட்டமும் இழுவை வண்டியும் வேண்டாம், அதன்பின் எண்ணெய் மாற்றம். கிளட்ச் வகை பாசிட்ராக்ஷன் (இரண்டு பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பகிரும் அமைப்பு) என்றால், எண்ணெயோடு சேர்க்கும் அதற்கான திரவத்தை மறந்தால் திருப்பத்தில் நறநறவென்று சத்தம் வரும்.

கையியக்கப் பெட்டியில் இன்னும் இரண்டு விஷயம். புதிய பெட்டி மாட்டுமுன் டயல் கேஜை வைத்து பெல் ஹவுசிங்கின் (என்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் மணி வடிவக் கூட்டின்) துளை கிராங்க் ஷாஃப்டின் மையத்தோடு பொருந்துகிறதா என்று சுற்றிப் பார்க்க வேண்டும். கேஜ் முள்ளின் மொத்த அசைவு 0.005 அங்குலத்தைத் தாண்டினால் மையம் விலகிய டவல் பின் போட்டுத் திருத்த வேண்டும். பழைய மன்சி பெட்டி இந்தக் கோணலைப் பொறுத்துப் போகும், புதிய பெட்டிகள் பொறுக்காது. கியர் மாற்றம் இறுகும், இன்புட் பேரிங் தேயும். இரண்டாவது, டிகேஎக்ஸ் போன்ற பெட்டிகளுக்குத் தானியங்கிப் பெட்டியில் ஊற்றும் வகை மெல்லிய எண்ணெய்தான். பழக்கத்தில் 90 எண்ணெய் ஊற்றினால் சின்க்ரோ வேலை செய்யாது.

ஆறு கியர் டி-56 மேக்னம் பற்றிக் கட்டுரை புகழ்ந்திருந்தது. நல்ல பெட்டிதான். ஆனால் அதில் 2.97 முதல் கியர் வகைக்கு ஆறாவது 0.50. 3.73 ஆக்ஸிலில்கூட 70 மைலில் 1,690 சுற்றுதான். எல்-78 போன்ற என்ஜினுக்கு அந்தக் கியர் வெறும் அலங்காரம். 2.66 முதல் கியரும் 0.63 ஆறாவதும் உள்ள வகையே ஷெவெலுக்கு ஏற்றது.

தானியங்கிப் பெட்டிக்காரர்களுக்குக் கணக்கு சற்று மாறும். ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 பெட்டியில் முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63, ஓவர்டிரைவ் 0.70. 5,500 சுற்றில் இரண்டாம் கியருக்கு மாறினால் என்ஜின் 2,930க்கு விழுகிறது. முரட்டுக் கேம் அந்தப் பள்ளத்தில் சோர்ந்துவிடும். 200-4ஆர் பெட்டியில் 2.74, 1.57, 0.67. விழுவது 3,150 வரைதான். 3.73 ஆக்ஸிலோடு இது கிளம்ப 10.2, நெடுஞ்சாலையில் 2,260 சுற்று. நீளமும் பழைய குட்டை வால் டிஎச்-350 தானியங்கிப் பெட்டிக்குச் சமம் என்பதால் ஷாஃப்டை வெட்ட வேண்டியதில்லை, கிராஸ் மெம்பரை மட்டும் பின்தள்ள வேண்டும். செவர்லே, போன்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், ப்யூக் என்ஜின்கள் நான்கிலும் நேராகப் பூட்டும்படி இரட்டைத் துளை வரிசையும் அதற்கு உண்டு. ப்யூக் கிராண்ட் நேஷனலில் இருந்தது இதுதான். பிக் பிளாக் என்ஜினுக்கு உள்ளே வலுவூட்டித்தான் மாட்ட வேண்டும்.

இந்த இரண்டு பெட்டிகளையும் சாகடிப்பது ஒரு கம்பிதான்: கார்புரேட்டரிலிருந்து வரும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள். அது கியர் மாறும் நேரத்தை மட்டும் அல்ல, உள்ளே எண்ணெய் அழுத்தத்தையும் ஆள்கிறது. தளர்வாக இருந்தால் அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் வழுக்கும், சில மைல்களிலேயே கருகும். முழு மிதியில் கேபிள் முழுதாக இழுபட வேண்டும், கார்புரேட்டர் கையின் வளைவு அதற்கென்றே செய்த பிராக்கெட்டோடு ஒத்துவர வேண்டும். இதைச் சரிபார்க்கும்வரை தெருமுனை வரைகூட ஓட்டிப் பார்க்கக் கூடாது. டார்க் கன்வர்ட்டரின் லாக்கப்புக்கு (கன்வர்ட்டரை வழுக்காமல் பூட்டும் கிளட்சுக்கு) மின்இணைப்பும் தேவை. அதை விட்டுவிட்டால் ஓவர்டிரைவில் கன்வர்ட்டர் வழுக்கிக்கொண்டே ஓடி எண்ணெய் கொதிக்கும்.

பூர்வீகப் பெட்டியையே வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு கியர் வெண்டர்ஸ் ஓவர்டிரைவ் இருக்கிறது. பிரிட்டிஷ் கார்களில் இருந்த லேகாக் ஓவர்டிரைவின் வழித்தோன்றல், இருக்கும் பெட்டியின் வாலில் மாட்டுவது, விகிதம் 0.78. 3.73 ஆக்ஸிலோடு 70 மைலில் 2,630 சுற்று. டிகேஎக்ஸ் அளவு அமைதி வராது, ஆனால் காரின் எண்ணோடு எண் பொருந்திய பூர்வீக மன்சி பெட்டி காரிலேயே இருக்கும். எப்படியானாலும் கழற்றிய பெட்டியை விற்றுவிடாதீர்கள். எண்ணெய் ஊற்றி, துளைகளை அடைத்து, சுற்றிக் கட்டி வையுங்கள். காரின் தரை நடுவே கியர் பெட்டிக்காக எழும்பியிருக்கும் மேட்டை வெட்டியே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், வெட்டாமல் பொருந்தும் பெட்டி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாக ஸ்பீடாமீட்டர். ஆக்ஸிலையோ டயரையோ மாற்றினால் முள் பொய் சொல்லும். அதைத் திருத்தப் பெட்டியின் வாலில் உள்ள சிறு பிளாஸ்டிக் பற்சக்கரத்தை மாற்ற வேண்டும். பெட்டிக்குள் அதை ஓட்டும் பற்சக்கரத்தின் பல், ஆக்ஸில் விகிதம், ஒரு மைலுக்கு டயர் சுற்றும் எண்ணிக்கை மூன்றையும் பெருக்கி 1,001ஆல் வகுத்தால் வேண்டிய பல் எண் வரும். 8 பல், 3.55, 790 சுற்று என்றால் 22 பல்.

உங்கள் கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் "4.10 – 3.27" என்ற வரியை "3.55 – 2.87 – 0.68" என்று திருத்தி, அடுத்த ஞாயிறு வெளியிட வேண்டுகிறோம். அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு பாகம் வாங்கப் போகிறவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
மிச்சிகன் வாசகர்கள் இருவர்